கூகுள் ஸ்காலர்: மருத்துவ ஆய்வாளரின் பங்களிப்பை இதை வைத்து எடைபோடலாமா?

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் பணிபுரியும் எனக்குப் பதவி உயர்வுக் காலம் வந்துவிட்டால் நாள் முழுவதும் ஒரே வேலைதான்: பேராசிரியர்களின் வெளியீட்டுப் பட்டியலைச் சரிபார்த்து, எந்தக் கட்டுரை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது. அதற்கு நான் முதலில் திறப்பது ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர். அனுராக் ஆச்சார்யாவும் அலெக்ஸ் வெர்ஸ்டாக்கும் உருவாக்கி 2004 நவம்பரில் வெளிவந்த இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. ஆய்வாளர் தம் பெயரில் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளும் வசதி 2011இல் சேர்ந்தது.

கட்டுரை தேடுவதற்கு இதைவிட எளிய கருவியை நான் பயன்படுத்தியதில்லை. ஒரு கட்டுரையின் கீழே மேற்கோள் எண்ணிக்கையோடு இருக்கும் இணைப்பைத் தட்டினால், அதைக் குறிப்பிட்ட பிற கட்டுரைகள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். அந்த வரிசைக்குள்ளேயே இன்னொரு சொல்லை இட்டுத் தேடலாம். நீரிழிவு மருந்து பற்றிய ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டிய ஆயிரம் கட்டுரைகளில் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுபவற்றை மட்டும் பிரித்தெடுக்கச் சில நிமிடங்கள் போதும். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் பிரதி இருந்தால் அதன் இணைப்பும் வலப்பக்கத்தில் நிற்கும். சந்தா கட்ட வழியில்லாத முதுகலை மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

ஆளை எடைபோடும் இடத்தில்தான் எனக்குத் தயக்கம். ஆய்வாளரின் பக்கத்தைத் திறந்தவுடன் மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் (குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை) என்று மூன்று எண்கள் கண்ணில் படும். எச்-இண்டெக்ஸ் என்பது ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த அளவு. குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் அந்த எண் 20. இதில் ஒருவர் கட்டுரையின் முதல் ஆசிரியரா, நூற்றுக்கணக்கானோரில் ஒருவரா என்ற வேறுபாட்டுக்கு இடமே இல்லை. லான்செட் மருத்துவ ஆய்விதழில் வரும் உலக நோய்ச்சுமை ஆய்வுகளில் பல நூறு பேர் கையெழுத்திடுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு வரும் ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் அத்தனை பேர் கணக்கிலும் முழுமையாக ஏறுகின்றன. ஆசிரியர் பெயர் வரிசை நீளமாக இருந்தால் ஸ்காலர் பாதியிலேயே புள்ளி வைத்து நிறுத்திவிடுவதால், உரியவர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்பதைக் கட்டுரையைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருத்துவ மையம், பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் வழிகாட்டுதலில், நோயாளிகளை வீட்டில் வைத்து மருந்து கொடுப்பதையும் சானடோரியத்தில் சேர்த்துக் கொடுப்பதையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சைக்கு ஈடாகப் பலன் தருகிறது, அதனால் குடும்பத்தாருக்குத் தொற்று அபாயம் கூடுவதில்லை என்று காட்டிய அந்த ஆய்வு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையை விட்டு வீட்டுக்கு வர வழி திறந்தது. உலக சுகாதார அமைப்பின் புல்லட்டினில் 1959இல், 21ஆம் தொகுதியில் 51 முதல் 144 வரை நீளும் அந்தக் கட்டுரை மையத்தின் பெயரில் வெளியானது. வீடு வீடாகச் சென்ற செவிலியர், சளி மாதிரியைப் பரிசோதித்தவர், பதிவேட்டை எழுதியவர் என்று எவருடைய எச்-இண்டெக்ஸிலும் அது ஒரு புள்ளியைக்கூடக் கூட்டுவதில்லை. மருத்துவ ஆய்வின் பங்களிப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொண்ணூற்று நான்கு பக்கங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

நம் பெயர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எஸ். செந்தில்குமார் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆய்விதழ் அவரைச் செந்தில்குமார் எஸ் என்று பதிவு செய்யும். இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும் இன்னோர் ஆய்விதழில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, அவர் சுப்பிரமணியன் எஸ் ஆகிவிடுவார். ஒருவர் இருவராவது இப்படி. தானாகச் சேர்க்கும்படி பக்கத்தை விட்டுவைத்தால் அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரையும் வந்து அமரும். உரியவர்தான் நீக்க வேண்டும். 2012இல் வந்த ஆர்கிட் என்ற பதினாறு இலக்க அடையாள எண்ணை முதல் கட்டுரையிலிருந்தே பயன்படுத்துங்கள் என்று மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மேற்கோள் என்றால் பாராட்டு என்று பொருளில்லை என்பதையும் இந்த எண்கள் சொல்வதில்லை. எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் 2010இல் திரும்பப் பெற்றது. அதை மறுத்து எழுதியவர்கள் காட்டிய மேற்கோளும் எண்ணிக்கையில் ஒன்றாகவே சேர்கிறது. எண்ணை ஊதிப் பெருக்குவதும் கடினமில்லை: ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு போலி ஆவணங்களை இணையத்தில் ஏற்றி, அவற்றின் வழியே நூற்றுக்கணக்கான மேற்கோள்கள் கூகுள் ஸ்காலரில் ஏறுவதைச் செய்தே காட்டினார்கள்.

ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளங்கள் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் கணக்கில் கொள்வதால் அவற்றில் எண் பெரும்பாலும் குறைவாக வரும், சந்தா உண்டு. மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட் இலவசம். திரும்பப் பெற்ற கட்டுரையானால் பதிவின் மேற்பகுதியிலேயே எச்சரித்துவிடும், ஆனால் எச்-இண்டெக்ஸ் தராது. ஆகவே கட்டுரையைக் கண்டுபிடிக்க ஸ்காலர், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்க்க பப்மெட் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் எழுதிக் கொடுக்கும் தாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எந்தத் தளம், எந்தத் தேதி, ஆசிரியர் வரிசையில் எத்தனையாவது இடம் என்ற மூன்றும் இருக்கும். தேர்வுக் குழுவுக்கென்று ஒவ்வொருவரின் சிறந்த மூன்று கட்டுரைகளையும் அச்செடுத்து அந்தத் தாளோடு இணைத்து அனுப்புகிறேன்.