ஓஇடி இலவச மாதிரித் தேர்வுகள்: சிங்கப்பூர்த் தாதியருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

இங்கே வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டன் போக ஏற்பாடு செய்யும் தாதியர் முதலில் விசாரிப்பது எந்த வகுப்பில் சேரலாம் என்றுதான். பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியை நடத்துபவர்களே தங்கள் இணையத்தளத்தில் மாதிரித் தேர்வுகளை ஒலிப்பதிவோடும் விடையோடும் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். கேட்டலுக்கும் வாசித்தலுக்கும் இவையே போதும். எழுத்துக்குப் பாதி தூரம் வரும். பேச்சுக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால்தான் பலன்.

பதிவிறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஓஇடி 12 மருத்துவத் தொழில்களுக்கு நடக்கிறது. கேட்டலும் வாசித்தலும் எல்லாருக்கும் ஒன்றே. எழுத்தும் பேச்சும் மட்டும் தொழிலுக்கு ஏற்ப மாறும். மருத்துவருக்கான தொகுப்பை எடுத்தால் புதிய வாசித்தல் தாள் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். இருக்கும் தாள்கள் கொஞ்சம்தான், முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் போட்டுத் தீர்த்துவிடாதீர்கள். ஒன்றையாவது தொடாமல் வைத்திருந்து, தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது முழுத் தேர்வாக எழுதுங்கள். கேட்டல், வாசித்தல் இரண்டுமே 42 மதிப்பெண். தோராயமாக 30 சரியாக வந்தால், 500 வரை போகும் ஓஇடி அளவில் பி தரமான 350ஐத் தொடலாம். வீட்டில் 33, 34 வந்தால் நம்பிப் போகலாம்.

கேட்டலில் ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். வீட்டில் நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பழகியவர்கள் தேர்வறையில் திணறுவது இதனால்தான். முதல் பிரிவில் நோயாளியோடு நடக்கும் இரண்டு உரையாடல்கள், 24 கோடிட்ட இடங்கள். விட்ட சொல்லைத் துரத்தினால் அடுத்த இரண்டும் சேர்ந்து போய்விடும். தாளில் உள்ள சிறு தலைப்புகள் பேச்சின் வரிசையிலேயே வரும். அடுத்த தலைப்புக்குக் கண்ணை நகர்த்திவிடுங்கள். சொல் விளங்கினால் இங்கே சிறு எழுத்துப்பிழை பொறுத்துக்கொள்ளப்படும். வாசித்தலின் முதல் பிரிவில் அந்தச் சலுகை இல்லை. சொல் கண்முன்னே அச்சில் இருக்கிறதே.

அந்த முதல் பிரிவு 15 நிமிடம், 4 சிறு பகுதிகள், 20 கேள்விகள். கேள்விக்கு முக்கால் நிமிடம். நான்கையும் முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தால் முடிக்க முடியாது. எந்தப் பகுதியில் மருந்தளவு அட்டவணை, எதில் அறிகுறிகள் என்று ஒரு நிமிடம் கண்ணோட்டிவிட்டுத் தேடத் தொடங்குங்கள். 15 நிமிடம் முடிந்ததும் அந்தப் பிரிவு மூடிவிடும், திரும்பி வர முடியாது.

மாதிரித் தொகுப்பின் குறை இங்கே தெரிகிறது: சரியான விடை எது என்று இருக்கும், மற்றவை ஏன் தவறு என்று இருக்காது. மூன்றாம் பிரிவின் நீண்ட கட்டுரைகளில் இது உறுத்தும். தவறிய கேள்விக்கு விடை தரும் வரியை அடிக்கோடிட்டு, நீங்கள் தேர்ந்த விடை எந்தச் சொல்லால் கெட்டது என்று பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் 'எப்போதும்', 'மட்டும்' போன்ற ஒரு சொல்தான் காலை வாரியிருக்கும்.

எழுத்துதான் பெரிய தடை. முதல் 5 நிமிடம் நோயாளி பற்றிய குறிப்புகளை (கேஸ் நோட்ஸ்) படிக்க, அடுத்த 40 நிமிடம் கடிதம் எழுத. 180 முதல் 200 சொல். ஆங்கிலம் நன்றாக வருபவர்களும் இங்கே மதிப்பெண்ணை இழக்கிறார்கள், ஏனென்றால் சோதிக்கப்படுவது பொறுக்கியெடுக்கும் திறன். இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பும் 72 வயது நோயாளியைச் சமூகத் தாதியிடம் ஒப்படைக்கும் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் பிரிக்க வேண்டிய நாள், ரத்தம் உறையாமலிருக்க ஊசி எத்தனை நாள், பெனிசிலின் ஒவ்வாமை, தனியாக வசிப்பது, வீட்டில் படி இருப்பது எல்லாம் உள்ளே. ஒன்பது வயதில் டான்சில் எடுத்தது வெளியே. ஐந்து நாளும் ஒழுங்காக இருந்த பிபியை நாள்வாரியாக எழுத வேண்டாம், ஒரே வரி போதும்.

ஆறு அளவுகோல்களில் முதலாவது 'நோக்கம்', அதற்கு 3 மதிப்பெண். மற்ற ஐந்துக்கும் தலா 7. எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். சேர்க்கப்பட்ட தேதியில் தொடங்கி நாள்குறிப்புப்போல் எழுதிக் கடைசியில் வேண்டுகோளை வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

நமக்கென்றே ஒரு தொல்லை உண்டு. வார்டில் கைக்கு வரும் 'கேஐவி' (தேவைப்பட்டால் பார்க்கலாம்), 'டிசியு' (மறுபரிசோதனைக்கு வருவது) போன்ற சுருக்கங்கள் இங்கே எல்லாருக்கும் புரியும். கடிதத்தைப் பெறுபவருக்குப் புரியாது. முழு வாக்கியமாக விரித்து எழுதுங்கள். தளத்தில் உள்ள மாதிரிக் கடிதங்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. அவற்றில் குறிப்பிலிருந்து எது விடப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அதுதான் பாடம். உங்கள் கடிதத்தைத் திருத்த மட்டும் ஆள் வேண்டும். செலவு செய்வதானால் இங்கே செய்யுங்கள்: முப்பது மணிநேர வகுப்பைவிட, ஓஇடி அளவுகோல் தெரிந்த ஒருவர் ஆறேழு கடிதங்களை வரிவரியாகத் திருத்தித் தருவது மேல்.

பேச்சில் இரண்டு நடிப்புக் காட்சிகள். ஒவ்வொன்றுக்கும் அட்டையைப் படிக்க 3 நிமிடம், பேச 5 நிமிடம். எதிரே நோயாளியாகப் பேசுபவர் மதிப்பெண் போடுவதில்லை, பதிவைக் கேட்டு வேறொருவர் போடுவார். சிங்கப்பூர்ப் பழக்கத்தில் நோயாளியை 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்று கூப்பிடுவோம். தேர்வில் எப்படி அழைக்கலாம் என்று நோயாளியிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முடியுமா என்பதற்கு 'கேன் ஆர் நாட்', முன்பு என்ற பொருளில் 'லாஸ்ட் டைம்', மருந்து சாப்பிடவில்லையா என்பதற்கு 'யூ நெவர் டேக்' எல்லாம் வாயில் தானாக வரும். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால்தான் எத்தனை முறை வருகிறது என்று தெரியும்.

உச்சரிப்பில் பிரிட்டிஷ்காரராக மாற வேண்டியதில்லை, விளங்கினால் போதும். ஆனால் முதுகுக்கும் பைக்கும் உள்ள ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் தமிழில் 'பேக்' என்றே எழுதுகிறோம். வலி எங்கே என்று கேட்கும்போது அந்த வேறுபாடு காதில் விழ வேண்டும். 'ஃபீவர்' 'பீவர்' ஆவதும் இப்படித்தான்.

நான்கைந்து பேர் பகிர்ந்திருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வீட்டிலிருந்தே எழுதும் முறையைத் தேர்ந்தால், தேர்வு முடியும்வரை அறைக்குள் வேறு யாரும் நுழையக் கூடாது. அதற்கு வழியில்லையென்றால் தேர்வு நிலையமே நல்லது. கணினியில் எழுதப்போகிறவர்கள் பயிற்சிக் கடிதத்தையும் தட்டச்சிலேயே செய்யுங்கள். அமைதியாக உட்கார தெம்பனிஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ், பொங்கோல் வட்டார நூலகங்கள் இருக்கின்றன.

பிரிட்டனில் தாதியரைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி எழுத்துக்கு 300, மற்ற மூன்றுக்கும் 350 கேட்கிறது. ஒரே அமர்வில் எல்லாம் வராவிட்டால் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு அமர்வுகளைச் சேர்த்துக் காட்டலாம். எதிலும் தேவைக்கு அரைத் தரத்துக்கு மேல் கீழே போயிருக்கக் கூடாது. இரண்டாம் முறையும் நான்கு பகுதிகளையும் எழுத வேண்டும் என்பதால், தேறிய பகுதிக்கும் ஒரு மாதிரித் தாளை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.