மட்டக்களப்பு நகரில் ஒரு மலர்ச்சாலை: கிறிஸ்தவ அடக்கத்துக்கு எப்படி?

இறந்தவர் உடலை அடக்கத்துக்கு ஆயத்தப்படுத்தித் தரும் இந்த மலர்ச்சாலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் சைவக் குடும்பங்கள். அதனால் கேட்காமலே குத்துவிளக்கும் நிறைகுடமும் வந்து இறங்கும். தலை தெற்கே இருக்கக் கிடத்துவார்கள். கிறிஸ்தவ வீடு என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள்.

பதப்படுத்தும் வேலையில் இவர்களை அடிக்க ஆளில்லை. உடலைக் கழுவி, கண்ணையும் வாயையும் மூடி, கைகளை மார்பில் அமைத்த பிறகுதான் உடல் கெடாதிருக்கப் போர்மலின் மருந்தை ஏற்றுகிறார்கள். இந்த ஒழுங்கில்தான் எல்லாம் இருக்கிறது. மருந்து ஏறியதும் தசை இறுகிவிடும்; பிறகு கட்டுப்பல்லைக் கொண்டுபோனால் போட முடியாது, செபமாலையை விரல்களுக்குள் கோக்கவும் இயலாது. கட்டுப்பல், செபமாலை, உடுப்பு மூன்றையும் உடலோடேயே கொடுத்தனுப்புங்கள். மோதிரத்தை வீட்டில் கழற்றுவது நல்லது. திடீர் மரணமென்றால் விசாரணை முடியும்வரை உடலில் கைவைக்க மாட்டார்கள். இழுத்தடிப்பதாகச் சிலர் கோபிக்கிறார்கள். மருந்தேற்றிய உடலில் மரணக் காரணம் தேடுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தால் கோபிக்க மாட்டார்கள்.

பெட்டியில்தான் கவனம் வேண்டும். பளபளக்கிற விலைகூடிய பெட்டிகள் பல, அழுத்தப் பலகையில் மெல்லிய மரத்தோல் ஒட்டியவை. திருகாணி அதில் நின்றுபிடிக்காது. கைபிடியில் தூக்கினால் கழன்றுவரும். அடியில் கைகொடுத்தோ தோளில் வைத்தோ சுமக்க வேண்டும். சாதாரண மரப்பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். காட்சிக்கு வைத்திருக்க மாட்டார்கள், பின்னறையில் இருக்கும்.

மாரியில் குழி பெரும் பாடு. வாவியை அண்டிய தாழ்ந்த நிலத்தில் ஆறடி போகுமுன்னே தண்ணீர் ஊறும், மணல் கரை சரியும். முதல்நாள் மாலை வெட்டிய குழி விடியும்போது பாதி மூடிக் கிடக்கும். அடக்கத்தன்று காலையில் வெட்டி, பக்கங்களுக்குப் பலகை கொடுத்து, பெட்டி வரும்வரை நீர் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். மலர்ச்சாலை இதைப் பொறுப்பெடுப்பதில்லை. சேமக்காலைக்காரரோடு, அதாவது கல்லறைத் தோட்டத்தைப் பார்ப்பவரோடு, நீங்களே பேசவேண்டும். கனடாவில் இருப்பவர்களுக்காகப் படம் பிடிக்கிறவரைக் குழி விளிம்பிலிருந்து நாலடி தள்ளி நிறுத்துங்கள்.

கோவிலுக்குள் பொதுநிலையினரின் பாதம் பீடத்தை நோக்கியும், குருவானவரென்றால் தலை பீடத்தை நோக்கியும் இருக்கவேண்டும் என்பது இவர்களுக்கு அத்துப்படி. ஆனால் மின்விளக்குத் தூண்களை நிறுத்திப் பாஸ்கா திரிக்கு (உயிர்ப்புப் பெருவிழாவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி) இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள். உயிர்த்தவரைக் குறிக்கும் ஒளி ஒதுக்கப்பட்டு, பித்தளைப் பூச்சு முன்னால் நிற்கிறது! அதைவிடப் பெரிய குறை அவசரம். செபம் முடியுமுன் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். குருவானவரோ போதகரோ தலையசைக்கும்வரை தொடவேண்டாம் என்று ஒருவரைப் பக்கத்திலேயே நிறுத்திச் சொல்லிவையுங்கள்.

இத்தனைக்கும் மேலாக இவர்களைப் பரிந்துரைக்க ஒரு காரணம் உண்டு. உயிரோடிருக்கும்போதே நிரப்பி வைக்க ஒரு பக்கத் தாள் தருகிறார்கள், இலவசமாக. எந்தப் பாடல், எந்த வேதவாசகம் (சங்கீதம் 23ஐத்தான் பலர் எழுதுகிறார்கள், 1 கொரிந்தியர் 15ஐயும் யோசிக்கலாம்), ஞானஸ்நானப் பதிவு எந்தச் சபையில், தீர்க்கவேண்டிய கடன் என்ன, யாரோடு இன்னும் ஒப்புரவாகவில்லை. இந்தக் கடைசிக் கேள்வியை வியாபாரி ஒருவர் கேட்பது பெரிய காரியம். நோயில் பூசுதல் (குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் திருவருட்சாதனம்) உயிரோடிருப்பவருக்கு மட்டுமே, மூச்சடங்கும்வரை காத்திராமல் குருவை அழையுங்கள் என்று கீழே ஒரு வரியும் அச்சிட்டிருக்கிறார்கள்.

இந்தத் தாள் வயதானவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவேண்டாம். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று இங்குள்ள சீயோன் தேவாலயத்தில் குண்டுத்தாக்குதலில் பலியானவர்களில் பலர் சிறுவர்கள்.

தாளில் விடுபட்டது ஒன்று: அது எங்கே இருக்கும் என்று எழுத இடமில்லை. ஒரு பிரதியைச் சபை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினால் முப்பத்தோராம் நாள் கழிந்த பிறகுதான் யார் கையிலாவது கிடைக்கும்.