பழைய பெட்ரோல் மோட்டார்ஹோம் வாங்குபவர்கள் கவனத்துக்கு: பிராண்டு பெயரைக் காட்டி என்னிடம் 23,600 டாலர் பறித்துவிட்டார்கள்

நேற்று மாலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எஸ்டிமேட் வந்தது. 23,600 டாலர். இது வண்டியின் விலை இல்லை. வாங்கிய வண்டி மழையில் ஒழுகாமல் நிற்பதற்கு மட்டும் ஆகிற செலவு. வண்டிக்குக் கொடுத்தது தனி, அதன் மாதத் தவணை இன்னும் பல வருடம் ஓடும். ஊர்க் கணக்கில் பார்த்தால் 20 லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இங்கே அமெரிக்காவில் நம் ஆட்கள் நிறைய பேர் மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்போடு ஓடும் வீட்டு வண்டி) வாங்கும் யோசனையில் இருக்கிறார்கள், அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். எந்த கம்பெனி வண்டியை எப்படிக் கட்டுகிறார்கள், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். டெக்சாஸில் நெடுஞ்சாலை ஓரமாக, பெரிய பெரிய கொடிகளைப் பறக்கவிட்டு, புதுசும் பழசுமாக வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கும் ஆர்வி (மோட்டார்ஹோம் மாதிரியான வண்டிகள்) விற்பனைக் கடை. வண்டியின் பிராண்டையும் சொல்லவில்லை. கட்டியவர்கள் விட்ட குறையா, பழைய ஓனர் பராமரிக்காமல் விட்டதா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. கடைக்காரர்கள் தெரிந்தே மறைத்தார்கள் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

மாமனாரும் மாமியாரும் திருநெல்வேலியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார்கள். மாமாவுக்குச் சர்க்கரை, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி. அவர்களைக் காரில் உட்கார வைத்து கிராண்ட் கேன்யன் வரை கூட்டிப்போவது நடக்காத காரியம். படுக்கை, கழிப்பறை, அடுப்பு எல்லாம் கூடவே வந்தால் போகலாம். டீசல் வண்டி கைக்கு எட்டாத விலை. சரி, பழைய பெட்ரோல் கிளாஸ் ஏ (பஸ் வடிவப் பெரிய மோட்டார்ஹோம்) ஒன்று பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

படிக்காமல் போகவில்லை. பெட்ரோல் கிளாஸ் ஏ வண்டி என்றால் யார் கட்டினாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் ஃபோர்டு எஃப்-53 சேசிஸ்தான் (எஞ்சினும் சக்கரமும் சேர்ந்த அடிச்சட்டம்). பழையதில் 6.8 லிட்டர் வி10 எஞ்சின், 2020 வாக்கிலிருந்து வந்ததில் 7.3 லிட்டர் வி8. ஃப்ரிட்ஜ், ஏசி, வெய்யில் மறைப்பு, சுவரை வெளியே தள்ளி அறையைப் பெரிதாக்கும் ஸ்லைடு மோட்டார் எல்லாம் டொமெட்டிக், லிப்பர்ட் போன்ற அதே சில சப்ளையர்களிடமிருந்துதான் எல்லா கம்பெனிக்கும் போகிறது. கம்பெனிகளே ஒன்றுக்குள் ஒன்று. ஜேகோ, என்டெக்ரா, டிஃபின் மூன்றும் தோர் குழுமத்தில் இருக்கின்றன. நியூமாரை 2019இல் வின்னபேகோ வாங்கிவிட்டது. ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்வே கையில். ஜேகோவின் பிரிசெப்ட்டும் என்டெக்ராவின் விஷனும் அக்கா தங்கை வண்டிகள். தோரின் ஹரிகேனும் வின்ட்ஸ்போர்ட்டும் அப்படித்தான். அதனால் கட்டுமானத் தரம் என்று ஒப்பிட வேண்டுமானால் சேசிஸுக்கு மேலே இருக்கும் கூரை, சுவர், தரை, மூலை இணைப்பு இவற்றைத்தான் ஒப்பிட வேண்டும். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் போனேன். அந்தக் கடையின் விற்பனையாள் கை வைத்ததும் சரியாக அதே இடத்தில்தான்.

அறுபது வயதிருக்கும், நரைத்த மீசை, மெதுவான பேச்சு. அத்தை படி ஏறத் தடுமாறியபோது ஓடிப்போய்க் கை கொடுத்தார். அப்புறம் மேஜை டிராயரிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்தார். பெட்ரோல் மோட்டார்ஹோம் பிராண்டுகளின் ஒப்பீடு. இந்தப் பக்கம் கம்பெனி பெயர்கள், மேலே கூரை, சுவர், தரை, வயரிங் என்று கட்டங்கள். நாங்கள் பார்த்த வண்டியின் கம்பெனிக்கு எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக். “மற்றவர்கள் மரச்சட்டம் போடுவார்கள், இவர்கள் அலுமினியம். மற்றவர்கள் கூரைக்கு ரப்பர் ஷீட், இவர்கள் ஒரே துண்டு ஃபைபர்கிளாஸ்” என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். நான் படித்ததற்கும் அவர் சொன்னதற்கும் முரண் எதுவுமில்லை. அதுதான் நம்ப வைத்தது.

பின் படுக்கையறைச் சுவரை நான் அழுத்திப் பார்த்தேன். ஓர் இடம் லேசாக உள்வாங்கியது. கேட்டேன். “லேமினேட் சுவர் என்றால் உள்ளே நுரைப் பலகை, கொஞ்சம் அமுங்கும்” என்றார். தண்ணீர் ஒழுகியிருக்கிறதா என்று நேரடியாகவே கேட்டேன். மாமா, அத்தை, மனைவி, மகள் எல்லோரும் அந்தச் சின்ன அறையில் நின்றுகொண்டிருந்தோம். அந்த ஆள் நெஞ்சில் கை வைத்து, “ஒழுகுகிற வண்டியை வயதானவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு விற்பேனா?” என்றார். எல்லாக் கட்டமும் டிக் செய்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் கொடுத்தார். கூரை, சீல், சுவர்: நல்ல நிலை. கீழே கையெழுத்து.

என் சார்பில் ஓர் இன்ஸ்பெக்டரைக் கூட்டிவருகிறேன் என்றும் சொன்னேன். வெளியாள் கூரை ஏறினால் எங்கள் இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது, அதுவும் இல்லாமல் ஓக்லஹோமாவிலிருந்து ஒருவர் நாளைக் காலை செக்கோடு வருகிறார் என்றார். அன்று மாலையே பேப்பர் தயாராகிவிட்டது. ஃபைனான்ஸ் அறையில் கூடுதல் வாரன்டி ஒப்பந்தம் ஒன்றையும் தலையில் கட்டினார்கள், “இனிமேல் உங்களுக்குக் கவலையே இல்லை” என்று.

ஜூலையில் கிளம்பினோம். அமரில்லோ தாண்டி நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்ததும் மழை. அந்த வட்டாரத்தில் அது மழைக்காலம், அடித்துக் கொட்டியது. டுகும்காரி பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். பின் அறையில் மாமா படுத்திருந்த இடத்துக்கு மேலே இருந்த அலமாரியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. மெத்தை, போர்வை, அத்தையின் மாத்திரைப் பை எல்லாம் நனைந்துவிட்டது. மேல் லைட் இரண்டு முறை மினுக்கி அணைந்தது. இரவு மோட்டலில் ரூம் போட்டோம். மறுநாள் வெய்யிலில் பார்த்தால் பின் பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக எழுந்து நிற்கிறது. கிராண்ட் கேன்யன் போகவே இல்லை, திரும்பிவிட்டோம். மாமாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருந்தார். அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஊர் திரும்பியதும் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அந்த மெக்கானிக் ஒன்றும் பேசாமல் ஏணி போட்டு ஏறி, பின் மூலையில் உச்சியில் இருக்கும் சின்ன சிவப்பு விளக்கின் ஸ்க்ரூவைக் கழற்றினார். விளக்கு கையோடு வந்ததும் பழுப்புத் தண்ணீர் அவர் மணிக்கட்டு வழியாக வழிந்தது. அந்த ஓட்டைக்குள் ஊசிக்கம்பியை விட்டுக் கிளறினார். ஃபைபர்கிளாஸுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளைவுட் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி உதிர்ந்து விழுந்தது. ஈரம் பார்க்கும் மீட்டரைச் சுவரில் நகர்த்திக்கொண்டே போனார், ஜன்னல் வரைக்கும் அது கத்திக்கொண்டே வந்தது.

அப்புறம் என்னைக் கூப்பிட்டு ஸ்டிக்கரைக் காட்டினார். வண்டியின் பக்கவாட்டில் அலை அலையாக ஓடும் அலங்கார ஸ்டிக்கர். மற்ற இடமெல்லாம் வெய்யிலில் வெடித்து நிறம் மங்கியிருக்கிறது. பின் மூலையில் மட்டும் பளபளவென்று புதுசு. நகத்தால் ஓரத்தை உரித்தார். அடியில் பழைய கொப்புளம். மறைப்பதற்கென்றே ஒட்டியிருக்கிறார்கள்! கூரை மேலேயும் அதே வேலை: காய்ந்து வெடித்த பழைய சீலன்ட்டை (இணைப்பை அடைக்கும் பசை) சுரண்டாமல் அதன் மேலேயே வெள்ளைவெளேரென்று புது சீலன்ட்டைப் பூசியிருக்கிறார்கள். உள்ளே துணி அலமாரியின் பின்பக்கம் புதுசாக ஒரு மெல்லிய பலகை, ஸ்டேப்பிள் அடித்தது. அதைப் பெயர்த்தால் கறுப்பாகப் பூஞ்சணம். சுவரைத் திறந்து அழுகியதை வெட்டி எடுத்து, சட்டம் சரிசெய்து, பலகையும் ஃபைபர்கிளாஸும் புதுசாக ஒட்டி, கூரை இணைப்பை மறுபடி சீல் செய்ய 23,600 டாலர். “இது ஒரு மழையில் வந்தது இல்லை, வருஷக்கணக்காக ஊறியிருக்கிறது” என்றார்.

இனி அலைக்கழிப்பு. கடைக்குப் போன் செய்தால் அந்த ஆள் “இப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை” என்றார்கள். சர்வீஸ் மேனேஜர் கூப்பிடுவார் என்றார்கள், கூப்பிடவில்லை. நேரில் போய் உட்கார்ந்தேன். “ஆஸ் இஸ், அதாவது இருக்கிற நிலையிலேயே வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்று மேனேஜர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அந்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்றால், “அது வெறும் கண்ணால் பார்த்துத் தருகிற மரியாதை ரிப்போர்ட், உத்தரவாதம் இல்லை.” அப்படியானால் ஸ்டிக்கர் யார் ஒட்டியது? “முந்தைய ஓனராக இருக்கலாம்.” வாரன்டி கம்பெனியைக் கேட்டால் தண்ணீரால் வந்த சேதம் ஒப்பந்தத்தில் சேராது, அதுவும் வாங்குவதற்கு முன்பே இருந்த கோளாறு என்று இரண்டு வரி மெயில். கவனியுங்கள், முன்பே இருந்தது என்று இவர்கள் எழுதித் தருகிறார்கள், முன்பு இல்லை என்று கடையின் ரிப்போர்ட் சொல்கிறது. தயாரித்த கம்பெனியோ முதல் ஓனருக்கு மட்டும்தான் வாரன்டி, அதுவும் எப்போதோ முடிந்தது என்றது. நான்கு பக்கமும் கதவைச் சாத்திவிட்டார்கள். 23,600 டாலருக்கு ஒரு ஆள்கூடப் பொறுப்பு ஏற்கவில்லை.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள். டீலர் விற்கும் பழைய காரின் ஜன்னலில் வாரன்டி உண்டா இல்லையா என்று பையர்ஸ் கைடு ஒட்ட வேண்டும் என்ற ஃபெடரல் விதி, 8,500 பவுண்டுக்குக் கீழான எடை வகை வண்டிகளுக்குத்தான். எங்கள் வண்டி 18,000 பவுண்டு வகை. மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்று நம்மவர்கள் பலர் சொல்வார்கள். அது வீட்டு வாசலில் வந்து விற்பவர்களுக்கான விதி, கடைக்குப் போய் வாங்கிய வண்டிக்குக் கிடையாது. கதவோரம் ஒட்டியிருக்கும் ஆர்விஐஏ (ஆர்வி தொழில் சங்கம்) முத்திரையையும் அந்த ஆள் தரச் சான்று போலக் காட்டினார். அது மின்சாரம், எரிவாயு, தீ, பிளம்பிங் பாதுகாப்பு விதிகள் பற்றியது. சுவர் எவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறது என்று அது சொல்லாது.

விவரமாக ஒப்பிட்டு எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். லவான் என்கிற மெல்லிய பிளைவுட் வைத்து ஒட்டிய சுவர் எந்த பிராண்டாக இருந்தாலும் தண்ணீர் போனால் அழுகும். அஸ்டெல் என்கிற கூட்டுப்பலகை போட்டதா என்று கேளுங்கள், அந்தப் பலகை ஊறாது. ஒரே துண்டு ஃபைபர்கிளாஸ் கூரை நல்லதுதான், ஆனால் அது சுவரோடு சேரும் ஓரத்தில் சீலன்ட் போனால் அதுவும் ஒழுகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது அதைப் பார்த்திருக்கிறார்களா, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். சுவரைப் பக்கவாட்டிலிருந்து, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். புது ஸ்டிக்கர், புது சீலன்ட், உள்ளே புதுப் பலகை, தூக்கலான ரூம் ஸ்ப்ரே வாசனை இதில் ஒன்று இருந்தாலும் மேலே பேசாதீர்கள். டயரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண் தயாரித்த வாரமும் வருடமும், பட்டன் நன்றாக இருந்தாலும் ஏழு வருடம் தாண்டியது வேண்டாம். என்ஆர்விஐஏ (ஆர்வி இன்ஸ்பெக்டர்கள் சங்கம்) சான்று பெற்ற இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள், நீங்களே பணம் கொடுத்துக் கூட்டிப்போங்கள். கூரை ஏறவிடமாட்டேன் என்கிற கடையிலிருந்து அந்த நிமிடமே வெளியே வாருங்கள். ஒழுகல் இல்லை என்று வாயால் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

‘ஆஸ் இஸ்’ என்று எழுதியிருந்தாலும், தெரிந்தே மறைத்ததை நிரூபித்தால் டெக்சாஸ் நுகர்வோர் சட்டத்தில் வழக்கு நிற்கும் என்று வக்கீல் சொல்கிறார். வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்னால் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், ஸ்டிக்கர் உரித்த போட்டோக்களோடு, 23,600 டாலர் எஸ்டிமேட்டோடு. டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் இதே மாதிரி எல்லாக் கட்டமும் டிக் போட்ட ரிப்போர்ட்டோடு யாராவது பழைய மோட்டார்ஹோம் வாங்கியிருந்தால் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். கீழே இருக்கும் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.