மருத்துவமனையா, கவுன்சலிங் சென்டரா: மாணவர் விசாவில் ஓர் இன்டர்ன்ஷிப் தேர்வு

அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜியில் முனைவர் பட்டம் படிப்பவர், ஆய்வேட்டை எழுதி முடித்தாலும், ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப்பை முடிக்காமல் பட்டம் வாங்க முடியாது. அந்த ஓராண்டுக்கான இடத்தைப் படிக்கும் பல்கலைக்கழகம் கையில் கொடுத்துவிடுவதில்லை. நாடு முழுவதும் இருக்கும் பயிற்சி நிலையங்களுக்கு இலையுதிர் காலத்தில் விண்ணப்பித்து, டிசம்பரிலும் ஜனவரியிலும் நேர்காணல் கொடுத்து, பிப்ரவரியில் 'மேட்ச்' எனப்படும் கணினி ஒதுக்கீட்டில் எந்த ஊர் விழுகிறதோ அந்த ஊருக்குப் பெட்டி படுக்கையோடு போய்ச் சேர வேண்டும். ஆப்பிக் என்ற அமைப்பு நடத்தும் இந்த ஒதுக்கீட்டின் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். கிடைத்த இடம் பிடிக்கவில்லை என்று பிறகு விலகிக்கொள்ள வழியில்லை. ஆகவே எங்கெங்கே விண்ணப்பிக்கிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

நான் எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தபடி 15 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஓர் அரசு மனநல மருத்துவமனையைத் தவிர மற்றவை எல்லாம் இரண்டே வகை: மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்களின் மனநல ஆலோசனைக்காக நடத்தும் கவுன்சலிங் சென்டர்கள். (மதுரையில் இருக்கும் என் அத்தை, கவுன்சலிங் சென்டர் என்றதும், அங்கே போனால் எனக்கு சீட் ஒதுக்குவார்கள் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்.) நான் மருத்துவமனையைத் தேர்ந்தேன், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். இந்தச் சாய்வு கீழே எழுதியிருப்பது முழுவதிலும் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதாக ஒரு பெரிய வாசல் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசின் வி.ஏ. மருத்துவமனைகள், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1946-இல் உளவியலாளர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கி, இன்று நாட்டிலேயே மிக அதிகமான உளவியல் பயிற்சியாளர்களை எடுப்பவை. ஆனால் வி.ஏ. ஊதியம் தரும் இன்டர்ன்ஷிப்புக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு கூடப் போதாது. சார்ல்ஸ்டன், பிராவிடன்ஸ் போன்ற ஊர்களில் மருத்துவக் கல்லூரியும் வி.ஏ.வும் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்புகளுக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தப் பிரிவின் இடங்களுக்கு யார் ஊதியம் தருகிறார்கள் என்பதைக் கையேட்டில் தேடிப் படிக்க வேண்டும். ஒரே கூட்டமைப்பாக இருந்தாலும் பிரிவுக்குப் பிரிவு மேட்ச் எண் வேறு. இப்படித் தேடாமல், ஓர் இடத்துக்கான கவர் லெட்டரை மூன்று இரவுகள் உட்கார்ந்து எழுதி முடித்த பிறகு, கையேட்டின் பின்பகுதியில் குடியுரிமை பற்றிய ஒற்றை வரியைப் பார்த்து மூடி வைத்தவள் நான்.

வேலையின் தன்மையில் இருக்கும் வேறுபாடு இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே. கவுன்சலிங் சென்டரில் பதினெட்டு வயது முதல் இருபதுகளின் நடுப்பகுதி வரையான மாணவர்களே பெரும்பாலும் வருவார்கள். மனச்சோர்வு, பதற்றம், உறவுச் சிக்கல், குழு சிகிச்சை, விடுதிகளில் பயிலரங்கு, இளைய பயிற்சியாளர்களுக்கு மேற்பார்வை என்று ஆண்டு ஓடும். அக்டோபரிலும் ஏப்ரலிலும் மூச்சு முட்டும்; ஜூனில் வரவேற்பறை காலியாக இருக்கும். மருத்துவமனையில் சில மாதங்களுக்கு ஒரு பிரிவு என்று மாறிக்கொண்டே இருப்போம்: உள்நோயாளிகள் வார்டு, வலி நிவாரண கிளினிக், நரம்பியல் உளவியல் சோதனைகள், உறுப்பு மாற்று சிகிச்சைக்கு முந்தைய உளவியல் மதிப்பீடு.

இந்தக் கடைசி வேலையை நான் படித்த பல்கலைக்கழகத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கல்லீரல் மாற்று சிகிச்சைக்குக் காத்திருந்த ஒருவரிடம், மருந்துகளை நேரத்துக்கு எடுத்துக்கொள்கிறீர்களா என்று நான் கேட்டபோது, அவர் பதில் சொல்லும் முன்பே அவர் மனைவி கைப்பையிலிருந்து ஏழு மூடி போட்ட மாத்திரைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்து, வியாழக்கிழமை மூடியைத் திறந்து காட்டினார். குடிப்பழக்கம், மருந்து ஒழுங்கு, வீட்டில் துணை என்று நான் கேட்க வைத்திருந்த அரைமணி நேரக் கேள்விகளில் இரண்டுக்கு அந்தப் பெட்டியே பதிலாக இருந்தது. மீதி நேரத்தை முதல் கேள்விக்குச் செலவிட முடிந்தது. அறையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இப்படித்தான் கற்றுக்கொண்டேன். அதே சமயம், மருத்துவமனையில் செவ்வாயன்று பார்த்தவர் வியாழனன்று வீட்டுக்குப் போயிருப்பார். கவுன்சலிங் சென்டரில் இரண்டு ஆண்டுகள் பகுதிநேரப் பயிற்சி செய்தபோது, செப்டம்பரில் தரையைப் பார்த்துப் பேசிய பெண் மே மாதத்தில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நீண்ட தொடர்பு மருத்துவமனையில் எனக்குக் கிடைக்கவில்லை, அதற்கான ஏக்கம் இன்றும் உண்டு.

இவ்வளவோடு நின்றிருந்தால் எதைத் தேர்வது என்பது விருப்பத்தைப் பொறுத்தது என்று எழுதி முடித்திருப்பேன். என் தேர்வை முடிவு செய்தது, இன்டர்ன்ஷிப் முடிந்த மறுநாளைப் பற்றிய கவலை. அன்று காலையில் நான் எந்தச் சட்டப்பிரிவில், யாருடைய சம்பளப் பட்டியலில் இருப்பேன் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் எந்த இடத்தையும் மேட்ச்சுக்குத் தரும் விருப்பப் பட்டியலில் மேலே வைப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

முதலில் நாள் கணக்கு. மாணவர் விசாவில் இருப்பவர் இன்டர்ன்ஷிப்பை, படிப்பின் பகுதியாக வேலை செய்ய விடும் சி.பி.டி. என்ற அனுமதியில் செய்கிறார். முழுநேர சி.பி.டி. ஓராண்டோ அதற்கு மேலோ நீண்டால், அதே பட்டத்துக்கு உரிய ஓ.பி.டி., அதாவது படிப்புக்குப் பிந்தைய 12 மாத வேலை அனுமதி, அடியோடு போய்விடும். இன்டர்ன்ஷிப்போ ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, மிகச் சரியாக ஓராண்டு. என் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் இருந்த அதிகாரி சுவர்க் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்து, விரலால் மாதம் மாதமாக எண்ணி, ஜூன் 28-உடன் முடித்துக்கொள்ளச் சொன்னார். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் பெரும்பாலான இடங்கள் 2,000 மணி நேரம் முடித்தாக வேண்டும் என்கின்றன; வாரம் 40 மணி வீதம் 52 வாரத்துக்கு 2,080. விடுமுறையும் காய்ச்சல் நாட்களும் கழிந்தால் கையில் மிச்சம் இருப்பது கொஞ்சமே. எனவே முடிவுத் தேதியை இரண்டு நாள் முன்னால் நகர்த்த முடியுமா, மணிக்கணக்கை எப்படி ஈடு செய்வது என்று நேர்காணல் முடிந்த ஒவ்வோர் இடத்துக்கும் எழுதிக் கேட்டேன். ஓர் இடத்தின் பயிற்சி இயக்குநர் அன்று மாலையே பதில் எழுதி, மனிதவளப் பிரிவுக்கும் நகல் போட்டார். இன்னோர் இடத்திலிருந்து மூன்று வாரம் கழித்து, எல்லா இன்டர்ன்களும் ஒரே நாளில்தான் முடிக்க வேண்டும் என்று ஒரு வரி வந்தது. பெயர் பெற்ற இடம்தான். என் பட்டியலில் கீழே போய்விட்டது.

அடுத்தது அந்த ஓ.பி.டி. ஆண்டை எங்கே செலவிடுவது என்பது. அந்த அனுமதியில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. பல மாநிலங்களில் உரிமம் பெற, பட்டத்துக்குப் பிந்தைய மேற்பார்வை நேரமும் காட்ட வேண்டும். சில மாநிலங்கள் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டன. போஸ்ட்டாக் எனப்படும் ஓராண்டுப் பயிற்சிப் பணி கிடைத்தால் இரண்டுக்கும் ஒரே கல்லில் வழி பிறக்கும். எந்த இன்டர்ன்ஷிப் போஸ்ட்டாக்குக்கு இட்டுச் செல்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அமெரிக்க உளவியல் சங்கமான ஏ.பி.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு நிலையமும், ஸ்டைபண்டு, மருத்துவக் காப்பீடு, விடுப்பு மணிகள் ஆகியவற்றோடு, கடந்த மூன்று குழுக்களின் இன்டர்ன்கள் முதலில் எங்கே போனார்கள் என்பதையும் அட்டவணையாகத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் போஸ்ட்டாக்குக்கு ஒரு பத்தி, நேரடி வேலைக்கு ஒரு பத்தி. கையேட்டின் முதல் பக்கத்தில் சிரிக்கும் இன்டர்ன்களின் படத்தை விட்டுவிட்டு இந்த அட்டவணைக்கு நேராகப் போய்விடலாம்.

நான் பார்த்த மருத்துவமனைகளில் எண்கள் போஸ்ட்டாக் பத்தியில், 'மருத்துவமனை' என்ற வரிசையில் குவிந்திருந்தன. கவுன்சலிங் சென்டர்களில் இரண்டு பத்திகளிலும் சிதறி, கணிசமானவர்கள் நேரடி வேலைக்குப் போயிருந்தார்கள். குடிமக்களுக்கு அது நல்ல செய்தியாகவே இருக்கலாம். எனக்கு அது, ஒவ்வொரு வேலை விளம்பரத்துக்கும் விசா ஆதரவு உண்டா என்று தனித்தனியாகக் கேட்டு நிற்பதைக் குறித்தது. போனவர்கள் அதே நிலையத்தில் தங்கினார்களா என்பதை அட்டவணை சொல்லாது. ஆகவே நேர்காணலில் என் முதல் கேள்வி எப்போதும் அதுதான். மருத்துவமனைகள் சிலவற்றில், போஸ்ட்டாக் இடங்களை முதலில் தம் இன்டர்ன்களுக்குக் காட்டிவிட்டே வெளியில் விளம்பரம் செய்வோம் என்றார்கள்.

இங்கே ஒரு நேர்மையான குறுக்கீடு தேவை. ஓ.பி.டி.க்குப் பிறகும் வேலையில் தொடர, வேலை தருபவர் விண்ணப்பிக்க வேண்டிய எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 85,000 என்ற உச்சவரம்பும் அதற்கான குலுக்கலும் உண்டு. பல்கலைக்கழகங்களும், அவற்றோடு முறையாக இணைந்த லாப நோக்கற்ற நிறுவனங்களும் அந்த வரம்புக்குள் வராது. கவுன்சலிங் சென்டரும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான் என்பதால் இந்தச் சலுகை அதற்கும் பொருந்தும். ஆகவே சட்டத்தில் மருத்துவமனைக்குத் தனி உயர்வு எதுவும் இல்லை. வேறுபாடு பழக்கத்தில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வெளிநாட்டுப் போஸ்ட்டாக்குகள் இருப்பதால், அங்குள்ள அலுவலகம் இந்த விசாத் தாள்களைத் தினமும் கையாள்கிறது. கவுன்சலிங் சென்டரின் ஊழியர் பணிக்கு அப்படி ஆதரவு கேட்டபோது, எதிர்முனையில் இருந்தவர்கள் நல்ல மனதோடு, விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். இது நான் விசாரித்த ஒரு கை விரல் எண்ணிக்கையிலான இடங்களின் அனுபவம் மட்டுமே. பெரிய கவுன்சலிங் சென்டர்களில் நிலைமை வேறாக இருக்கலாம். பல்கலைக்கழகத் தொடர்பு இல்லாத தனி மருத்துவமனையில் குலுக்கல் திரும்பவும் வந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. நரம்பியல் உளவியலில் போக விரும்புவோருக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுகும். 1997 ஹூஸ்டன் மாநாட்டின் வழிகாட்டுதல்படி அங்கே போஸ்ட்டாக் இரண்டு ஆண்டுகள், ஓ.பி.டி.யோ ஒன்று.

மாநில அரசுகளின் மனநல மருத்துவமனைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். கலிபோர்னியாவின் பேட்டன், வாஷிங்டனின் வெஸ்டர்ன் ஸ்டேட் போன்றவற்றில் நீதிமன்றம் அனுப்பிய நோயாளிகளோடு நீண்ட காலம் வேலை செய்யலாம். தடயவியல் உளவியலில் ஆர்வமுள்ளவருக்கு அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை என்பார்கள். நான் அந்த வகையில் ஒரே ஒரு நேர்காணல் கொடுத்தேன். குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அவை எதிர்பார்க்கும் குழந்தை நோயாளிகளின் மணிக்கணக்கு என்னிடம் இல்லை.

ரேங்க் லிஸ்ட் போடும்போது தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்பியவர்களுக்கு ஒரு பழைய பயம் திரும்பி வரும்: எட்டாத இடத்தை முதலில் போட்டு வாய்ப்பை வீணாக்கிவிடுவோமோ என்று. இந்த ஒதுக்கீட்டில் நிலையங்களும் நம்மை வரிசைப்படுத்துகின்றன. ஆனால் கணினி விண்ணப்பதாரரின் பட்டியலிலிருந்து தொடங்கி, மேலிருந்து கீழே முயன்று பார்க்கிறது. எட்டாத முதலிடம் கைநழுவினால் இரண்டாம் இடத்தில் நமக்கு ஒரு குறைவும் வராது. மருத்துவர்களின் ஒதுக்கீட்டுக்காக இந்த முறையைத் திருத்தி அமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், 2012-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நிலையங்கள் நம்மிடம் எத்தனையாவதாக வைத்தீர்கள் என்று கேட்பதை ஆப்பிக் விதிகள் தடுக்கின்றன. எனவே பட்டியலில் தந்திரத்துக்கு இடமில்லை, உண்மையான விருப்ப வரிசை மட்டுமே செல்லும்.

என் பட்டியலில் முதல் நான்கும் மருத்துவமனைகள், ஐந்தாவதும் ஆறாவதும் கவுன்சலிங் சென்டர்கள், ஏழாவது அரசு மருத்துவமனை, எட்டாவதாக அந்த ஒரு வரி பதில் அனுப்பிய இடம். மூன்றாவது விழுந்தது; அன்று மாலையே பதில் எழுதிய இயக்குநரின் இடம் அது. விசா என்ற கணக்கே இல்லாதிருந்தால், அந்த ஐந்தாவது கவுன்சலிங் சென்டரை இரண்டாவதாக வைத்திருப்பேன்.