மூன்றாண்டுப் பட்டமா, சம்பளத்தோடு பயிற்சியா: இங்கிலாந்தில் வயது வந்தோர் செவிலியம் படிக்கும் வழிகள்

இங்கிலாந்தில் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதே எந்தப் பிரிவு என்று சொல்லிவிட வேண்டும். வயது வந்தோர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று பிரிவுகள் நான்கு. நம்மவர்கள் பலர் வயது வந்தோர் செவிலியம் என்றதும் முதியோர் பராமரிப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள், அது சரியல்ல. பதினெட்டு வயதைக் கடந்த எவருடைய உடல்நோயும் இந்தப் பிரிவுக்குள் வருகிறது. விபத்துப் பிரிவு, அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, புற்றுநோய் வார்டு, வீடு வீடாகச் சென்று புண்ணுக்குக் கட்டுப்போடும் சமூகச் செவிலியம் என எல்லாம் இதில் அடங்கும். இந்தப் பிரிவில் பதிவு பெற இப்போது நான்கு வழிகள் உள்ளன. மாணவர்களின் வார்டுப் பயிற்சியை மதிப்பிடும் பொறுப்பில் இருப்பதால், இந்த நான்கு வழிகளிலும் வருகிறவர்களை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். பெற்றோர்களும் மாணவர்களும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் பணத்தைப் பற்றியது. ஆனால் இந்த வழிகளை உண்மையில் பிரிப்பது, கற்பதற்கென்று ஒருவருக்கு எவ்வளவு நேரம் காப்பாற்றித் தரப்படுகிறது என்பதுதான்.

எந்த வழியில் போனாலும் சேருமிடம் ஒன்றே. என்எம்சி எனப்படும் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் மன்றத்தின் பதிவேட்டில் ஒரே வகைப் பதிவுதான் கிடைக்கும். எந்த வழியாக வந்தவர் என்பதை அந்தப் பதிவு காட்டாது. 2013 முதல் இங்கிலாந்தில் புதிதாகச் செவிலியர் பயிற்சிக்குச் சேர்கிறவர்களுக்குப் பட்டம் கட்டாயம். மொத்தப் பயிற்சி 4,600 மணி நேரம். அதில் 2,300 மணி நேரம் பாடம், 2,300 மணி நேரம் நோயாளிகளோடு பணிப்பயிற்சி. பணிப்பயிற்சியில் 600 மணி நேரம் வரை, நோயாளி இல்லாமல் செயற்கைச் சூழலில் பழகும் பாவனைப் பயிற்சிக்கூடத்தில் நடத்த மன்றம் இடமளிக்கிறது.

முதல் வழி, பள்ளி முடித்ததும் சேரும் மூன்றாண்டு பிஎஸ்சி. 2,300 மணி நேரத்தை வாரத்துக்கு முப்பத்தேழரை மணி நேரம் என்று வகுத்தால் ஏறத்தாழ அறுபத்தொரு வாரம் வருகிறது. மூன்றாண்டில் அறுபத்தொரு வாரம் முழுநேர வேலைக்கு ஈடான உழைப்பு, அதுவும் இரவு ஷிப்டும் வார இறுதியும் சேர்த்து. இதனால்தான் வேறு பாடம் படிக்கும் தோழர்களின் கோடை விடுமுறை செவிலிய மாணவருக்குக் கிடைப்பதில்லை. பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டு வருகிறவர்கள், பன்னிரண்டரை மணி நேர ஷிப்ட் மூன்றை ஒரே வாரத்தில் முடித்த பிறகு அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் உள்நாட்டு மாணவரிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. மூன்றாண்டுக்கு 28,605 பவுண்டு, வாழ்க்கைச் செலவுக் கடன் தனி. தொகையைக் கேட்டு அஞ்சுகிறவர்கள், திருப்பிச் செலுத்தும் முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டுக்குப் பின் சேர்ந்தவர்கள், ஆண்டு வருமானத்தில் 25,000 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதியில் 9 விழுக்காடு கட்டுகிறார்கள். நாற்பது ஆண்டு முடிந்தபின் மீதி தள்ளுபடியாகிறது. புதிதாகப் பதிவு பெற்ற செவிலியர், அரசின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ்-இன் ஐந்தாம் நிலைச் சம்பளத்தில் தொடங்குகிறார். 2025-26-இல் அது 31,049 பவுண்டு. அப்படியானால் அந்த ஆண்டில் கட்ட வேண்டியது 544 பவுண்டு, மாதத்துக்கு நாற்பத்தைந்து. கடன் முப்பதாயிரமாக இருந்தாலும் அறுபதாயிரமாக இருந்தாலும் இந்த மாதத் தவணை மாறாது.

2017-இல் என்எச்எஸ் உதவித்தொகையை நிறுத்தியது எனக்கு இன்றும் தவறான முடிவாகவே படுகிறது. 2020 செப்டம்பரிலிருந்து கற்றல் ஆதரவு நிதியாக ஆண்டுக்கு 5,000 பவுண்டு, திருப்பித் தர வேண்டாத தொகையாகக் கொடுக்கிறார்கள். பிள்ளை வளர்க்கும் மாணவருக்கு இன்னும் 2,000 பவுண்டு. மனநலம், கற்றல் குறைபாடு ஆகிய பிரிவுகளில் சேர்கிறவர்களுக்கு மேலும் 1,000 பவுண்டு உண்டு. வயது வந்தோர் பிரிவுக்கு அது இல்லை. ஸ்காட்லாந்தில் அங்கேயே வசிக்கும் மாணவர்களுக்குக் கட்டணத்தை அரசு ஏற்று, ஆண்டுக்கு 10,000 பவுண்டு உதவித்தொகையும் தருகிறது. வேல்ஸில் படிப்பு முடித்து இரண்டாண்டு அங்கேயே பணிபுரிய ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை.

இவ்வளவு செலவுக்கு ஈடாக மூன்றாண்டு மாணவருக்குக் கிடைப்பது, கூடுதல் ஆள் என்ற தகுதி. வார்டில் அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு என்ற கணக்கில் மாணவர் சேரமாட்டார். மூத்த செவிலியர் ஒரு நோயாளியின் நுரையீரலைக் கேட்டுப் பார்க்கும்போது, தானும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, என்ன கேட்டது என்று சொல்லிப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. அந்தப் பத்து நிமிடத்துக்காக யாருடைய வேலையும் நின்றுவிடாது. ஆட்பற்றாக்குறை மிகுந்த நாளில் இந்தத் தகுதியும் மீறப்படுகிறது, மாணவரைப் படுக்கை மாற்ற அனுப்பிவிடுவதும் நடக்கிறது. ஆனாலும் விதி அவர் பக்கம் நிற்கிறது. பல்கலைக்கழகத்திடம் முறையிடும் வழியும் உண்டு.

இரண்டாம் வழியான பட்டத் தொழிற்பயிற்சியில் நிலைமை நுட்பமானது. மருத்துவமனையோ பராமரிப்பு இல்லமோ ஒருவரைப் பணியில் அமர்த்தி, சம்பளமும் கொடுத்துப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புகிறது. கட்டணத்துக்கான பணம் தொழிற்பயிற்சி நிதியிலிருந்து கிடைக்கிறது. பயில்கிறவர் ஒரு பென்னிகூடக் கட்டுவதில்லை, கடனும் இல்லை. பொதுவாக நான்காண்டு ஆகிறது. குடும்பம் உள்ளவருக்கும், வீட்டு வாடகையை ஒரு மாதம்கூடத் தவறவிட முடியாதவருக்கும் இது பெரிய வாசல். வட்டிக் கடனைத் தவிர்க்க விரும்பும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல, மகளையோ மகனையோ இந்த வழியில் அனுப்ப நினைப்பதையும் புரிந்துகொள்ள முடிகிறது. 5,000 பவுண்டு கற்றல் ஆதரவு நிதி இவர்களுக்குக் கிடையாது என்பதையும், இடம் பல்கலைக்கழகத்தின் கையில் இல்லாமல் வேலை தருபவரின் கையில் இருப்பதால் போட்டி கடுமை என்பதையும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இதில் கடினமானது, ஒரே ஆள் சில நாள் பணியாளராகவும் சில நாள் மாணவராகவும் இருக்க வேண்டியிருப்பது. பயிற்சி நேரத்தில் தொழிற்பயிலுநரும் கூடுதல் ஆள்தான் என்று விதி சொல்கிறது. ஆனால் அவர் ஏழெட்டு ஆண்டு உதவிப் பணியாளராக இருந்த அதே மருத்துவமனையில், அவரை அறிந்த அதே வார்டில், காலை ஏழரை மணிக்கு ஒருவர் உடல்நலமில்லை என்று விடுப்பு சொல்லிவிட்டால், எல்லாக் கண்களும் அவர்மீதுதான் திரும்பும். முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. நேற்றுவரை தோள்கொடுத்த தோழியிடம் அதைச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். என்னிடம் வந்த தொழிற்பயிலுநர்களில் சிலர், தங்கள் பயிற்சி நேரத்தின் கணிசமான பகுதியைப் பழைய வேலையிலேயே இழந்திருந்தார்கள். அவர்களுக்கு அறிவோ அக்கறையோ குறைவில்லை. அவர்களுடைய நேரத்தை யாரும் காக்கவில்லை, அவ்வளவுதான்.

இழந்த நேரத்தின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நியூஸ்-2 என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறை இங்கே வார்டுகளில் பரவலாகப் பயன்படுகிறது. மூச்சு வீதம், ஆக்ஸிஜன் செறிவு, ரத்த அழுத்தம், நாடி, விழிப்புநிலை, உடல் வெப்பம் ஆகியவற்றை அளந்து மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் ஐந்து வந்தால் உடனடிக் கவனம், ஏழு வந்தால் அவசர நிலை. பத்தாண்டு அனுபவமுள்ள உதவிப் பணியாளர் இந்த அளவுகளை என்னைவிட வேகமாக எடுப்பார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள ஒருவருக்கு ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது செறிவு 97 என்று காட்டினால், நன்றாக இருக்கிறது என்று குறித்துவிட்டுப் போகவே கை பழகியிருக்கும். கரியமில வாயு உடலில் தேங்கும் தன்மையுள்ள அத்தகைய நோயாளிக்கு இலக்கு 88 முதல் 92 வரைதான். அவர்களுக்கான தனி அளவுகோலில், ஆக்ஸிஜன் பெறும்போது 97 என்பது மூன்று மதிப்பெண் பெறும் ஆபத்து அறிகுறி. எண்ணை எடுப்பதிலிருந்து எண்ணைப் படிப்பதற்கு மாறும் இந்த இடத்தைக் கடக்கத்தான் பட்டப்படிப்பு. பழகிய கை உள்ளவருக்கு இந்த மாற்றம் புதியவரைவிடக் கடினமாக இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கடந்துவிட்டால் அவரைப் போன்ற செவிலியர் கிடைப்பது அரிது என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே கற்கும் நேரம் யாரைவிடவும் தொழிற்பயிலுநருக்குத்தான் தேவை. அதுவே அவருக்கு எளிதில் பறிபோகிறது.

மூன்றாவது, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கான இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. முன்கற்றலை ஏற்று, பயிற்சியில் பாதி வரை கழித்துக்கொள்ள மன்றம் அனுமதிப்பதால்தான் இது இரண்டாண்டில் முடிகிறது. உயிரியல், உளவியல் போன்ற பட்டத்தோடு ஓரளவு பராமரிப்பு அனுபவத்தையும் பல்கலைக்கழகங்கள் எதிர்பார்க்கின்றன. முதுநிலை என்பதால் கடன் கிடைக்காது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். செவிலியப் பதிவுக்கான முதுநிலைப் படிப்புக்கு இளநிலை மாணவருக்குரிய அதே கடன் முறை பொருந்துகிறது. 5,000 பவுண்டு நிதியும் உண்டு. தொடக்கச் சம்பளம் மட்டும் பிஎஸ்சி முடித்தவருக்கு உள்ளதே. படிப்பின் வேகம் மிகக் கடுமையானது. கைக்குழந்தையோடு இதைத் தொடங்க நினைப்பவரிடம், ஓராண்டு பொறுக்கலாமா என்று நான் கேட்பதுண்டு.

நான்காவது, உதவிப் பணியாளருக்கும் செவிலியருக்கும் இடைப்பட்ட பொறுப்பான செவிலியத் துணையர் வழி. முழுப் பட்டத்துக்கு முந்தைய படியான இரண்டாண்டு அடிப்படைப் பட்டம் முடித்து, 2019 ஜனவரி முதல் மன்றமே நடத்தும் தனிப் பதிவில் சேர்ந்து, நான்காம் நிலைச் சம்பளத்தில் பணிபுரியலாம். 2025-26-இல் அது 27,485 பவுண்டில் தொடங்கியது. பிறகு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டாண்டு படித்து முழுச் செவிலியராகலாம். பள்ளியில் கணக்கும் ஆங்கிலமும் கைகூடாமல் போய், நாற்பது வயதில் மீண்டும் படிப்பைத் தொடுகிறவருக்கு, இடையில் ஒரு படியில் நின்று மூச்சுவிட முடிவது பெரிய ஆறுதல். ஆனால் அந்தப் படியிலேயே நின்றுவிடுவோரும் உண்டு. அடுத்த கட்டத்துக்கு இடம் தருவது வேலை தருபவரின் விருப்பம் என்பதால், நுழையும்போதே அதை எழுத்தில் கேட்பது நல்லது.

பதினெட்டு வயதில், வீட்டுப் பொறுப்பு இல்லாமல் வருகிறவருக்கு மூன்றாண்டுப் பட்டத்தையே நான் பரிந்துரைப்பேன், கடனையும் கணக்கில் கொண்டுதான். வேறு பட்டம் கையில் இருந்தால் இரண்டாண்டுப் படிப்பு. குடும்பத்தைத் தாங்குகிறவருக்குத் தொழிற்பயிற்சி. ஆனால் எந்த மருத்துவமனையில் என்பதைப் பொறுத்து.

தமிழ்நாட்டில் ஜிஎன்எம் அல்லது பிஎஸ்சி நர்சிங் முடித்துப் பதிவுபெற்றவர்களும், இலங்கையில் செவிலியர் டிப்ளோமா முடித்துப் பதிவுபெற்றவர்களும் இங்கே வந்து பராமரிப்பு இல்லங்களில் உதவிப் பணியாளராகவே இருந்துவிடுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. பொதுவாக அவர்கள் இந்த நான்கில் எதிலும் சேர வேண்டியதில்லை. மன்றத்தின் ஆங்கிலத் தகுதியைக் காட்டி, கணினித் தேர்வும் ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வும் தேறினால் பதிவு பெறலாம். ஐஈஎல்டிஎஸ் தேர்வென்றால் எழுத்துப் பகுதியில் 6.5, மற்றவற்றில் 7 வேண்டும். மீண்டும் பட்டம் படிக்கச் சொல்லி, வெளிநாட்டு மாணவருக்குரிய உயர்ந்த கட்டணத்தோடு அழைக்கும் முகவரின் பேச்சைக் கேட்பதற்கு முன், இதை மன்றத்தின் தளத்திலேயே சரிபார்க்க வேண்டும்.

பட்டப்படிப்புக்கான விண்ணப்பங்களை, பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் வழியாக, ஜனவரியில் அது குறிக்கும் கடைசி நாளுக்குள் அனுப்பினால் அவை சமமாகப் பரிசீலிக்கப்படும்; தொழிற்பயிற்சி இடங்களை மருத்துவமனைகள் தத்தம் வசதிக்கேற்ப ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் விளம்பரம் செய்கின்றன. தொழிற்பயிற்சிக்கான நேர்முகத்தில், கேட்க ஏதேனும் உண்டா என்று கடைசியாக வினவுவார்கள். வாரத்தில் எத்தனை நாள் கற்பதற்கென்று ஒதுக்கப்படுகிறது, அது பணிப்பட்டியலில் எப்படிக் குறிக்கப்படுகிறது, ஆள் குறைந்த காலையில் அந்த நாளைக் காப்பது யார் பொறுப்பு என்று அப்போது கேட்க வேண்டும். பெயர் சொல்லிப் பதில் வந்தால் அந்த இடத்தை ஏற்கலாம்.