பழ ஜெல்லி உறைவதற்கு: ஜெலட்டினா, கடற்பாசியா, பழத்தின் பெக்டினா?

இராமநாதபுரம் கடற்கரையில் வீட்டிலேயே பழ ஜெல்லி செய்ய விரும்புவோருக்கு மூன்று வழிகள் உள்ளன. கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் ஜெலட்டினைப் பழச்சாற்றில் கரைத்துக் குளிர வைப்பது ஒன்று. கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் நோன்புக் காலத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சும் கடற்பாசியைச் சாற்றோடு சேர்ப்பது மற்றொன்று. கொய்யா, விளாம்பழம் போன்றவற்றில் இயல்பாகவே இருக்கும் பெக்டின் என்னும் உறையவைக்கும் பொருளை நம்பி, வேறெதுவும் சேர்க்காமல் சீனியோடு காய்ச்சி எடுப்பது மூன்றாவது. மூன்றுக்கும் பெயர் ஜெல்லி என்றாலும், ஒவ்வொன்றும் உறையும் காரணம் வேறு. ஒன்றுக்குரிய முறையை இன்னொன்றில் கையாள்வதால்தான் பாத்திரம் பாத்திரமாகச் சாறு வீணாகிறது.

ஜெலட்டினைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரி செல்சியஸ். சித்திரை, வைகாசியில் நம் அடுக்களையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பந்திக்குக் கொண்டு வருவதற்குள் ஓரம் இளகத் தொடங்கிவிடுகிறது. மின்சாரம் போனால் முழுவதும் சாறாகிவிடுகிறது. அன்னாசியையும் பப்பாளியையும் பச்சையாகச் சேர்த்தால் அவற்றிலுள்ள நொதிகள் ஜெலட்டினின் புரதத்தைச் சிதைத்துவிடுவதால், எவ்வளவு குளிர வைத்தாலும் உறையாது. விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது என்பதால், ஹலால் பார்க்கும் வீடுகளிலும் சைவ வீடுகளிலும் இது அடுப்புக்கே வருவதில்லை. வெயிலில் இளகும் இந்தக் குறை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1881-இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே என்னும் ஆய்வாளர் நுண்ணுயிர் வளர்க்கப் பயன்படுத்திய ஜெலட்டின் கோடை வெப்பத்தில் உருகிக்கொண்டே இருந்தபோது, தம் சமையலில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திவந்த அகரைப் பரிந்துரைத்தவர் அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. ஓர் அடுக்களை அறிவு உலகெங்கும் ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்த அந்த நிகழ்வை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்த அகர்தான் நாம் கடற்பாசி என்றும், பேச்சில் கடப்பாசி என்றும், கடைக்காரர் சைனா கிராஸ் என்றும் சொல்லும் பொருள். அதற்கான மூலப்பாசிகள் இந்தக் கரையிலேயே விளைகின்றன. பாம்பன் சின்னப்பாலம் முதல் ஏர்வாடி வரை பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கிடைக்கும் அகர் கெட்டியாக உறையும்; கஞ்சிப் பாசியிலிருந்து எடுப்பது அதைவிட மென்மையானது. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் 45 நாளில் வளர்த்தெடுக்கும் கப்பாஃபைகஸ் பாசி அகர் தருவதில்லை. அது தருவது கராஜீனன் என்னும் வேறு பொருள் என்பதால், வீட்டு ஜெல்லிக்கு அதை இதற்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

கடற்பாசியின் பெரிய நன்மை அதன் வெப்பத் தாங்குதல். 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் அறைச் சூட்டிலேயே உறைந்துவிடும். உறைந்தபின் ஏறத்தாழ 85 டிகிரி வரை உருகாது. ஒரு லிட்டர் நீர்மத்துக்கு 10 கிராம் போதும். இழைகளை அரை மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரில் மட்டும் போட்டு, கரண்டியில் ஒரு துணுக்கும் தெரியாத அளவுக்குக் கொதிக்க விட வேண்டும். பழச்சாற்றை அதனுடன் சேர்த்துக் கொதிக்க வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. எலுமிச்சை, நாரத்தை, புளிப்பான திராட்சை ஆகியவற்றின் அமிலமும் கொதிசூடும் சேர்ந்தால் அகரின் உறையும் ஆற்றல் குன்றிவிடும். அடுப்பை அணைத்த பிறகே சாற்றைச் சேர்க்க வேண்டும். அந்தச் சாறும் குளிர்ந்திருக்கக் கூடாது, இல்லையென்றால் ஊற்றிய இடத்திலேயே கட்டி கட்டியாகிவிடும். உறையாமல் போனாலும் கவலையில்லை. இன்னும் சிறிது கடற்பாசியைத் தனியாகக் காய்ச்சிச் சேர்த்து மறுபடி சூடாக்கி ஊற்றிவிடலாம். இனிப்புக்கும் உறைதலுக்கும் தொடர்பில்லாததால், இளநீர், நுங்கு, கருப்பட்டிப் பால் என எதிலும் சீனியே இல்லாமலும் செய்யலாம். நோன்பு திறக்கும் வேளையில் தட்டில் வைக்க இதற்கு இணையானது இல்லை என்பதே என் முடிவு.

ஆனால் இது சேமிப்புக்கு உரியதன்று. சீனி குறைவு, நீர் அதிகம் என்பதால் வெளியில் வைத்தால் ஒரு நாளில் புளித்துவிடும். குளிரில் வைத்தாலும் மறுநாளே நீர் கசியத் தொடங்கும். கத்தி பட்டால் வெடுக்கென்று உடையுமே தவிர, ரொட்டியில் தடவ வராது. பாட்டிலில் மாதக்கணக்கில் இருந்து, கரண்டியில் எடுத்தால் நடுங்கி நிற்கும் ஜெல்லி வேண்டுமென்றால், பெக்டின் வழியைத் தவிர வேறில்லை. கடினமானது இதுதான், கற்றுக்கொள்ளத் தக்கதும் இதுதான்.

சாற்றைப் பிடித்து நிறுத்தும் வலையாகப் பெக்டின் பின்னிக்கொள்வதற்குப் பழத்தின் பெக்டின், அமிலம், சீனி ஆகிய மூன்றும் ஓர் அளவில் கூட வேண்டும். சீனியை இனிப்புக்காகச் சேர்ப்பதாக எண்ணி, ‘சர்க்கரை நோய் உள்ள வீடு’ என்று பாதியாகக் குறைப்பவர்களின் ஜெல்லி உறையாமல் போவதற்குக் காரணம் இதுவே. முடிந்த ஜெல்லியில் கரைந்த திடப்பொருள் (பெரும்பகுதி சீனிதான்) 65 சதவீதத்தை ஒட்டியிருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் வலை நிற்காது. நம் பக்கத்தில் இதற்கு ஏற்றது விளாம்பழம். பெக்டினும் புளிப்பும் அதிலேயே இருக்கின்றன, விநாயகர் சதுர்த்தியை ஒட்டிக் குவியலாகவும் கிடைக்கும். ஆயக்குடியிலிருந்து வரும் கொய்யாவில் பெக்டின் நிறைய உண்டு, புளிப்பு போதாது. கிலோவுக்கு இரண்டு எலுமிச்சை பிழிய வேண்டியிருக்கும். நன்கு கனிந்த பழத்தில் பெக்டின் சிதைந்திருக்கும் என்பதால், மூன்று பங்கு செங்காயும் மணத்துக்கு ஒரு பங்கு பழமும் எடுப்பது என் வழக்கம்.

பழத்தை மூழ்கும் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் வேக வைத்து, வேட்டித் துணியில் கட்டி இரவு முழுவதும் தொங்க விட வேண்டும். தண்ணீர் குடிநீராக இருக்கட்டும். நம் ஊர்க் கிணற்று உப்புநீர் சுவையைக் கெடுத்துவிடும். அவசரப்பட்டு மூட்டையைப் பிழிந்தால் சாறு கலங்கும். முதல் ஆண்டு நான் பிழிந்து காய்ச்சிய ஆறு பாட்டிலும் சேற்று நிறத்தில் நின்றன. ஆறிய சாற்றில் ஒரு கரண்டியை இரண்டு கரண்டி ஸ்பிரிட்டில் ஊற்றிப் பார்த்தால் பெக்டினின் அளவு தெரிந்துவிடும். ஒரே கட்டியாகத் திரண்டால் ஒரு கிலோ சாற்றுக்கு ஒரு கிலோ சீனி. துண்டு துண்டாகத் திரண்டால் 650 முதல் 750 கிராம். இழை இழையாக நின்றால் அரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. சோதிக்க எடுத்த அந்தக் கரண்டிச் சாறு ஸ்பிரிட் கலந்ததால் நஞ்சு, உடனே கொட்டிவிட வேண்டும்.

காய்ச்சும்போது எவர்சில்வர் பாத்திரமும் பெருந்தீயும் தேவை. ஒரு தடவைக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். மூன்று லிட்டரை ஒன்றாகக் காய்ச்சினால் நீர் வற்ற நெடுநேரமாகும், அதற்குள் பெக்டின் வெந்தே அழிந்துவிடும். பிறகு எவ்வளவு கொதித்தாலும் பாகுதான் மிஞ்சும். கடல் மட்டத்தில் வாழும் நமக்கு 105 டிகிரி சரியான பதம். வெப்பமானி இல்லையென்றால் பாகுக்குப் பார்ப்பதுபோல் கம்பிப் பதம் பார்க்கக் கூடாது. கம்பி சீனியின் செறிவை மட்டுமே சொல்லும், பெக்டினைச் சொல்லாது. கரண்டியைச் சாய்த்தால் இரண்டு சொட்டுகள் ஒன்றுகூடித் தகடாக வழுக்கி விழ வேண்டும். அந்த நொடியில் இறக்கி, நுரை எடுத்து, வெந்நீரில் 10 நிமிடம் கொதித்த பாட்டில்களில் சூட்டோடு ஊற்றி மூட வேண்டும்.

கருப்பட்டியை இதில் முயன்றவர்கள் உண்டு. நிறம் கறுத்து, பழத்தின் மணம் அடங்கிவிடுகிறது. அதைக் கடற்பாசிக்கே வைத்துக்கொள்வது நல்லது. ஊற்றிய ஜெல்லி அன்றே இறுகவில்லை என்று பாட்டிலைக் குலுக்கிப் பார்க்கவும் கூடாது, கட்டிக்கொண்டிருக்கும் வலை அறுந்துவிடும். 24 மணி நேரம் அசைக்காமல் விட்டு, அதன் பிறகும் இளகியிருந்தால் மட்டும் ஒரு பாட்டிலை எடுத்து, எலுமிச்சைச் சாறு சேர்த்து மறுபடி காய்ச்சிப் பாருங்கள். அது இறுகினால் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகக் காய்ச்சலாம்.