ஓட்டத்துக்கும் ஊர் சுற்றவும் ஒரே கேமரா: சோனி ஆல்ஃபா 6400 நீண்டகால அனுபவம்

சோனி ஆல்ஃபா 6400 சந்தைக்கு வந்தது 2019இல். வந்த வாரத்தில் எழுதப்பட்ட விமர்சனங்களுக்குப் பஞ்சமில்லை. பல மாரத்தான் விடியல்களிலும் விடுமுறைப் பயணங்களிலும் உழைத்த பிறகு அது எப்படி இருக்கிறது என்று எழுதியவர்கள் குறைவு. நான் அதை இரண்டே வேலைகளுக்கு வைத்திருக்கிறேன். ஒன்று, ஓட்டப் பந்தயங்கள். மற்றொன்று, எல்லோரும் போகிற சுற்றுலாத் தலங்கள். விளம்பரத் தாளில் இருக்கும் அதே எண், இந்த இரண்டு இடங்களிலும் வெவ்வேறு பொருள் தருகிறது.

முதலில் வேகம். நொடிக்கு 11 படங்கள் என்பதுதான் இந்தக் கேமராவின் பெரிய பேச்சு. நன்றாக ஓடுகிறவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 அடி எடுத்து வைப்பார். அதாவது நொடிக்கு மூன்று. ஆக, ஓர் அடிக்கு மூன்று நான்கு படங்கள் கிடைக்கும். இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்பி நிற்கும் கணம் அவற்றில் ஒன்றில் பெரும்பாலும் விழுந்துவிடும். ஓட்டப் படத்தில் அந்தக் கணம்தான் உயிர். பாதம் தரையில் ஊன்றியிருக்கும் படத்தில் மனிதர் நொண்டுவது போலத் தெரிவார். இருந்தாலும் நான் பெரும்பாலும் 8 படங்களில்தான் வைத்திருக்கிறேன். 11இல் வ்யூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளையில்) தெரிவது, எடுத்து முடித்த படம். 8இல் படங்களுக்கு நடுவே நேரடிக் காட்சி தெரியும். பக்கவாட்டில் விலகி ஓடுகிறவரைப் பின்தொடர அது வேண்டும்.

குவியத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல மனமில்லை. ஆனால் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியைக் கூட்டத்தில் நம்பக் கூடாது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் இன்னும் நாலு முகங்கள் என்றால் அது தாவிக்கொண்டே இருக்கும். சிறிய குவியப் புள்ளியை நெஞ்சில் குத்தியிருக்கும் பிப் எண்ணின் (ஓட்டக்காரருக்குத் தரப்படும் எண் துணியின்) மேல் வைத்துத் தொடரவிடுவது என் வழி. வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்து. கேமராவுக்கு அதைவிடத் தெளிவான இலக்கு கிடையாது. லென்ஸின் குவியத் தூரம் 350 மி.மீ., துளை எஃப் 6.3, பதினைந்து மீட்டர் தொலைவு என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 45 செ.மீ. ஆழம் கூர்மையாக இருக்கும். முகமும் அதற்குள் வந்துவிடும். பிறகு ஓட்டக்காரர் தன் படத்தைத் தேடுவதும் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான்.

உண்மையான சிக்கல் வெளிச்சத்தில் வருகிறது. சென்னை மாரத்தானில் முழுத் தூரம் ஓடுகிறவர்கள் விடிவதற்கு வெகு முன்பே நேப்பியர் பாலத்தருகே கிளம்பிவிடுவார்கள். ஜனவரியில் சென்னையில் சூரியன் எழ ஆறரை ஆகும். அதுவரை தெருவிளக்குதான் கதி. என் பெரிய லென்ஸ் சோனியின் 70-350 மி.மீ. ஜூம். எடை 625 கிராம்தான், கையில் பிடித்து மணிக்கணக்கில் நிற்கலாம். ஆனால் விடியும்வரை அது பைக்குள் தூங்க வேண்டியதுதான். அந்த நேரத்துக்கு சிக்மா 56 மி.மீ., எஃப் 1.4 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). நீள முனையில் பெரிய லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தைப் போல இருபது மடங்கு இது விடும். ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200 முதல் 6400 வரை. படத்தில் துகள் தெரியும், தெரியட்டும். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் நேருக்கு நேர் வெளிச்சத்தை அடித்தால் அடுத்த பள்ளம் அவருக்குத் தெரியாது. அதைச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

விடிந்த பிறகு நிற்கும் இடம்தான் எல்லாம். காமராஜர் சாலையில் கடற்பக்கம் நின்றால் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஓடி வருகிறவர் முகம் மலர்ந்து தெரியும். பின்னணியில் மாநிலக் கல்லூரியோ விவேகானந்தர் இல்லமோ நிற்கும். எதிர்ப்பக்கம் நின்றால் கறுத்த உருவங்கள்தான். அழகுதான், ஆனால் எந்த ஓட்டக்காரரும் அடையாளம் தெரியாத தன் நிழலை விரும்பி வாங்க மாட்டார். முடிவுக் கோட்டிலும் நிற்க வேண்டாம். கோட்டைத் தாண்டும் அந்த நொடியில் பாதிப் பேர் குனிந்து கைக்கடிகாரத்தை அமுக்கிக்கொண்டிருப்பார்கள். இடது மணிக்கட்டு நெஞ்சுக்கு வரும், வலது விரல் அதன்மேல், பிப் எண் முழங்கைக்குப் பின்னால் மறைந்துவிடும். இருபது மீட்டர் முன்னால் நின்றால் அதே மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டோ வீட்டாரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டோ வருவார்.

தாழ்ந்து எடுத்தால் ஓட்டக்காரர் கம்பீரமாகத் தெரிவார் என்பதால் திரையை மடக்கிப் பார்க்கும் வசதி கைகொடுக்கும் என்று நினைக்கத் தோன்றும். கிடைமட்டச் சட்டத்துக்கு மட்டும்தான் கொடுக்கிறது. மனித உடலோ செங்குத்தானது. கேமராவைத் திருப்பியவுடன் அந்த மடிப்புத் திரையால் பயனில்லை, மண்டியிட வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காத நாளில் கிடைமட்டமாகவே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்கிறேன். 6000×4000 பிக்சல் படத்தில் செங்குத்துத் துண்டு வெட்டினாலும் ஒரு கோடிப் பிக்சலுக்கு மேல் மிஞ்சும். 8×12 அங்குல அச்சுக்கு அது தாராளம்.

பேட்டரி விஷயத்தில் விளம்பரத் தாள் தலைகீழாக நிற்கிறது. ஒரு முறை சார்ஜ் செய்தால் திரையைப் பார்த்து எடுக்கையில் 410, வ்யூஃபைண்டரில் 360 படங்கள் என்பது அறிவிக்கப்பட்ட கணக்கு. ஓட்ட நாளில் தொடர்ச்சியாகச் சுட்டுத் தள்ளுவதால் அதைவிடப் பன்மடங்கு வரும். ஊர் சுற்றும் நாளில்தான் காலை வாரும்: எடுப்பது குறைவு, திரையைத் திறந்து பார்ப்பது அதிகம், நடுவே காணொளி வேறு. மதிய உணவுக்குள் இரண்டாவது பேட்டரி வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு தயாரிப்பு ஒன்றை வாங்கினேன். சில மாதங்களில் வீங்கிப்போய்க் குழியிலிருந்து வெளியே வர மறுத்தது. அசலையே வாங்குங்கள்.

பயணத்துக்கு 18-135 மி.மீ. லென்ஸ் போதும் என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். மாமல்லபுரம் அர்ஜுனன் தபசு ஏறத்தாழ 90 அடி அகலம், 18 மி.மீ.இல் இருபது மீட்டர் தள்ளி நின்றால்தான் முழுப் பாறையும் அடங்கும். கிழக்கு பார்த்த சிற்பம் என்பதால் காலை வெயில் நேராக விழும். வெயில் ஏற ஏற நிழல்கள் கீழ்நோக்கி நீண்டு, மதியத்துக்குப் பின் எல்லாம் மங்கிவிடும். வார இறுதிக் கூட்டம் விலகட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை, விலகாது. 70-350ஐ மாட்டினால் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே வேறொரு உலகம் திறக்கிறது. பிளவில் கைகூப்பும் நாகர்கள், ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் விலா எலும்புகள். யானையின் தந்தத்துக்கருகே பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை. அதைச் சுற்றி எலிகள். வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு நகர்கிறவர்களில் பலர் அந்தப் பூனையைப் பார்ப்பதே இல்லை. ஓட்டத்துக்காக வாங்கிய லென்ஸ் தன் விலையை எனக்குத் திருப்பித் தந்தது இங்கேதான்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நிலைமை வேறு. 1010இல் ராஜராஜன் எடுத்து முடித்த அந்த விமானத்தின் மேல் மாலை வெயில் பின்புறமாக, மேற்கிலிருந்து விழும். சுற்றி வந்து அந்தப் பக்கம் நின்றால் கல் பொன்னாகும். நண்பகலில் போகிறவர்கள் படத்தைவிடப் பாதத்தைப் பற்றி யோசிக்க நேரிடும். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கொதிக்கும் தளத்தில் நடப்பதும் ஒருவகை ஓட்டப் பந்தயம்தான். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கேமராவே வேண்டாம். உள்ளே விட மாட்டார்கள்.

தொல்லியல் துறையின் இடங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி தேவை. இந்தக் கேமராவின் உடலிலேயே நடுக்கம் தணிக்கும் அமைப்பு இல்லை என்பது அங்கே உறுத்தும். ஓட்டத்தில் அது ஒரு குறையே அல்ல, ஷட்டர் வேகமே நடுக்கத்தைக் கவனித்துக்கொள்கிறது. மங்கிய மண்டபத்துக்குள் 56 மி.மீ. லென்ஸோடு நிற்கும்போது, தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பணம் வாங்கிக்கொண்டு ஓட்டம் எடுக்கப் போகிறவர் இதை வாங்க வேண்டாம்; ஒரே கார்டுத் துளைதான் இருக்கிறது, கார்டு பழுதானால் அந்தக் காலையை யாரும் மறுபடி ஓடிக் காட்ட மாட்டார்கள். 2023இல் வந்த ஆல்ஃபா 6700இல் பெரிய பேட்டரியும் நடுக்கத் தணிப்பும் வந்துவிட்டன. கார்டுத் துளை அங்கும் ஒன்றே. சொந்த ஆசைக்கு எடுப்பவர்கள், பயன்படுத்திய 6400 நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கி, மிச்சமாகும் பணத்தை 56 மி.மீ. லென்ஸிலும், சென்னை போன்ற ஈர ஊர் என்றால் பூஞ்சை அண்டாத ஓர் உலர் பெட்டியிலும் போடலாம்.